கோலூன்றித் தாண்டுதல்: பிழைகளும் பயிற்சியும்



ஆங்கிலத்தில் இவ்விளையாட்டின் பெயர் கோலையும் தாண்டுதலையும் மட்டுமே குறிப்பிடுகிறது. நம் மொழியில் இதனைக் 'கோலூன்றித் தாண்டுதல்' என்கிறோம். இடையே நிற்கும் 'ஊன்றி' என்ற சொல் கவனிக்கத்தக்கது. இவ்விளையாட்டில் நேரும் பிழைகளுள் பெரும்பாலானவை அவ்வூன்றலிலோ அதற்கு முந்திய ஓட்டத்திலோ பிறக்கின்றன. நம் கண்ணுக்குப் புலப்படுவது மட்டும் அந்தரத்தில். ஆகையால், மாணவன் மேலே தடுமாறும்போது, அனுபவமுள்ள பயிற்சியாளர் கீழே அவன் கால் பதிந்த இடத்தை நோக்குகிறார்.

இதன் காரணத்தை எளிதில் விளக்கலாம். 40 மீட்டருக்குக் குறையாத ஓடுபாதை. அதன் முடிவில் 20 சென்டிமீட்டர் ஆழத்திற்குச் சரிந்து இறங்கும் குழி. வீரர் ஓடிவந்து கோலின் நுனியை அக்குழியில் ஊன்றுகிறார். ஓட்டத்தின் வேகம் கோலை வளைக்கிறது. வளைந்த கோல் நிமிரும்போது அவ்வேகமே உயரமாக மாறுகிறது. அமெரிக்க வீரர் வார்மர்டாம் 1942ஆம் ஆண்டில் மூங்கிற் கோலைக் கொண்டு 4.77 மீட்டர் தாண்டினார். பின்னர் கண்ணாடி இழைக் கோல் வந்தது. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வீடன் வீரர் டுப்ளாண்டிஸ் 6.25 மீட்டர் தாண்டினார். கோல் மாறிற்று, ஆனால் பழகுவோர் செய்யும் பிழைகள் ஏறக்குறையப் பழையனவே.

முதற் பிழை, ஓட்டத்தின் இறுதியில் தயங்குவது. குறுக்குக் கம்பம் அண்மையில் தெரிந்ததும் மனம் அஞ்சுகிறது. கால்கள் அடியை நீட்டுகின்றன அல்லது குறுக்குகின்றன. வேகம் வேண்டிய இடத்தில் வேகம் போய்விடுகிறது. 'அஞ்சாதே' என்று உரக்கக் கூறுவதால் அச்சம் நீங்குவதில்லை. ஆதலால் பயிற்சியாளர் கம்பத்தையே எடுத்துவிடுகிறார். அல்லது பட்டால் வலிக்காத ரப்பர்க் கயிற்றைக் கட்டுகிறார். பாதையோரத்தில் கடைசி ஆறு அடிகள் தொடங்குமிடத்தில் ஓர் அடையாளம் இட்டு, ஒவ்வொரு முறையும் கால் அங்கே விழுகிறதா என்று பார்க்கிறார்.

இரண்டாவது, காலந்தாழ்த்தி ஊன்றுவது. கால் தரையை விட்டு எழுமுன் கைகள் தலைக்கு மேல் முழுதும் நீண்டிருக்க வேண்டும். பலருக்கு அவை அப்போதுதான் தோளைத் தாண்டுகின்றன. விளைவாக, கோலின் அதிர்ச்சி முழுவதையும் தோளும் இடுப்பும் தாங்க நேர்கிறது. உக்ரைன் வீரர் புப்காவின் பயிற்சியாளர் விட்டாலி பெட்ரோவ், கோலை ஓட்டத்தினூடே படிப்படியாகத் தாழ்த்தி, ஓடுதலும் ஊன்றுதலும் ஒரே இயக்கமாக அமையவேண்டும் என்று கற்பித்தார். புப்கா 1994ஆம் ஆண்டில் 6.14 மீட்டரை எட்டினார். தொடக்க மாணவர்கள் இதனை நடந்தே பழகுகிறார்கள். பிறகு மூன்று அடி, ஐந்து அடி என ஓட்டம் நீளுகிறது.

மூன்றாவது, குழிக்கு மிக அருகே சென்று எழும்புவது. எழும்பும் கால், மேற்கைக்கு நேர் கீழே இருத்தல் வேண்டும். அதற்கு உட்பட்டுக் கால் விழுந்தால் உடல் பின்னோக்கி இழுக்கப்படுகிறது. பயிற்சியாளர் பக்கவாட்டில் நின்று அந்த ஒரு காலை மட்டுமே பார்த்து, ஓட்டம் தொடங்கும் இடத்தைத் திருத்துகிறார்.

நான்காவது, கயிற்றில் ஏறுபவரைப்போல் கைகளால் உடலை மேலிழுப்பது. இது மனித இயல்பு. ஆனால் இழுக்கும்போது கோல் நிமிர்வது தடைப்படுகிறது. தொங்கும் காலை நீட்டி, ஊஞ்சலைப்போல் வீசி எழவேண்டும். எனவே மாணவரை உயர்ந்த கம்பியிலும் தொங்கும் கயிற்றிலும் ஊசலாடப் பழக்குகிறார்கள்.

இவற்றினும் அபாயமானது ஐந்தாம் பிழையாகிய பேராசை. தோழன் பிடிக்கும் உயரத்தில் தானும் பிடிக்கவேண்டும், அவன் எடுக்கும் கடினமான கோலையே தானும் எடுக்கவேண்டும் என்ற ஆசை இளைஞருக்கு எளிதில் வருகிறது. வேகம் போதாதபோது கோல் செங்குத்தாக நிமிர்வதில்லை. வீரரை மெத்தைக்குக் கொண்டு சேர்க்காமல், ஓடுபாதையின் மீதே திருப்பி எறிகிறது. உடல் எடைக்கு ஏலாத மெல்லிய கோலோ முறிந்துவிடக்கூடும். தலையும் முதுகெலும்பும் இங்கேதான் ஆபத்துக்கு உள்ளாகின்றன. கோலின்மீது அதனைச் செய்தவர் பொறித்துள்ள எடையளவை முதலில் பார்க்கச் சொல்கிறார் பயிற்சியாளர். மெத்தையின் நடுவில் தவறாது வந்து விழும்வரை பிடியை உயர்த்த அவர் இசைவதில்லை.

ஊன்றல் தவறியது என்று உணர்ந்த மாணவன் எழும்பாமல் நின்றுவிட்டால், நல்ல பயிற்சியாளர் அவனைக் கடிவதில்லை, பாராட்டுகிறார். போட்டியிலுங்கூட, இடையில் நின்றவர் தமக்குரிய கால அவகாசத்துக்குள் மீண்டும் ஓடிவர விதி இடமளிக்கிறது. பிழையைத் தடுக்கும் முறைகளுள் இதுவே தலையாயது என நாம் கருதுகிறோம். ஏச்சுக்கு அஞ்சி எழும்பும் பிள்ளைதான் பெரும்பாலும் அடிபடுகிறது. மேலும், ஒரு முறைக்கு ஒரு திருத்தம் மட்டுமே சொல்வது அனுபவசாலிகளின் வழக்கம். ஓடிவரும் பிள்ளை ஐந்து அறிவுரைகளை நினைவில் தாங்கி வர இயலாது.

2022ஆம் ஆண்டு குஜராத்தின் காந்திநகரில் நடைபெற்ற தேசிய விளையாட்டுப் போட்டியில், தமிழ்நாட்டைச் சேர்ந்த சிவா சுப்ரமணி 5.31 மீட்டரும், ரோஸி மீனா பால்ராஜ் 4.20 மீட்டரும் தாண்டி, அதுவரை இல்லாத தேசிய சாதனைகளை நிறுவினர். பிற மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களிலும் இச்செய்தியைக் கேட்டுக் கோலைக் கையிலெடுக்க விரும்பும் பிள்ளைகள் இருக்கலாம். அவர்களைத் தடுக்க வேண்டுவதில்லை. அயலூர் மைதானத்தில், அறிமுகமில்லாத பயிற்சியாளரிடம் பிள்ளையை ஒப்படைக்கும் பெற்றோர், 'எவ்வளவு உயரம் தாண்டுவான்?' என்று கேட்பதை ஒத்திவைத்து, வேறு மூன்று கேள்விகளைக் கேட்கலாம். மெத்தை குழியைச் சுற்றி முழுமையாகப் பொருந்தியிருக்கிறதா? எத்தனை அடி ஓட்டத்திலிருந்து பயிற்சி தொடங்குகிறது? ஊன்றல் தவறினால் என்ன செய்யுமாறு பிள்ளைக்குக் கற்பிக்கப்படுகிறது? இவற்றுக்குத் தயங்காமல் விடை கூறுபவரிடம் பிள்ளையை நம்பி அனுப்பலாம். உயரம் காலப்போக்கில் தானே வந்து சேரும்.