ரெலிபோனில் வரும் மருந்துத்துண்டு

(எமது சங்கத்தின் நலன்புரிக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

நான் டொக்டர் இல்லை, சட்டம் படித்தவனும் இல்லை. இந்தப் பலெர்மோவில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக வீட்டு வேலையும் வயோதிபர் பராமரிப்பும் செய்து சீவிக்கிறவன். மருந்து விஷயம் பேச இவனுக்கென்ன தகுதி எண்டு நீங்கள் நினைக்கலாம். எங்கட வீட்டில் நடந்த ஒரு காரியந்தான் என் தகுதி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2022 ஆம் ஆண்டு தை மாதம் என் மனைவிக்கு பிறசர் இருப்பதாகக் கண்டார்கள். எங்கள் குடும்ப டொக்டர் நேரே பார்த்து, அளந்து, ராமிப்ரில் என்ற குளிசையை எழுதினார். ‘இனி ஒவ்வொரு மாதமும் வந்து காத்திருக்கத் தேவையில்லை, ஒரு மெசேஜ் போடுங்கோ, நம்பர் அனுப்புறன்’ என்றார். எங்களுக்குப் பெரிய சந்தோஷம். வேலைக்கு லீவு கேட்கத் தேவையில்லை, வரிசை இல்லை. மகன் மாதத்துக்கொருக்கால் ரெலிபோனில் ‘லா சோலித்தா தெராபியா’, அதாவது ‘வழமையான மருந்து’ எண்டு எழுதுவான். பின்னேரம் நம்பர் வரும். பார்மசியில் குளிசை வாங்குவோம்.

பங்குனி மாதமளவில் மனைவிக்கு இருமல் தொடங்கியது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை, வறட்டு இருமல். இரவில் படுக்க விடாது. பார்மசியில் பாணி மருந்து வாங்கினோம். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தோம். சென்னையில் இருக்கிற சொந்தக்கார டொக்டர் தம்பி ஒருவர் வீடியோவில் பார்த்து, நெஞ்சில் கிருமி இருக்கலாம் என்று ஒரு அன்ரிபயோற்றிக் பெயர் சொன்னார். அங்கிருந்து வந்த ஒருவரிடம் அதையும் எடுப்பித்துக் குடித்தா. ஒன்றும் கேட்கவில்லை.

ஆனி மாதம் அவ வேலை செய்த வீட்டில், ‘சிஞ்ஞோராவுக்கு எண்பத்தெட்டு வயது, உங்கட இருமல் எங்களுக்குப் பயமாக் கிடக்கு’ என்று சொல்லி நிற்பாட்டிவிட்டார்கள். கொரோனாவுக்குப் பிந்திய காலம், அவர்களையும் பிழை சொல்ல ஏலாது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கட சனத்தோடு மொந்தே பெல்லெக்ரினோ மலை ஏறி சாந்தா ரொசாலியா மாதாவிடம் போய் வருகிறவ, அந்த வருஷம் முழுக்கக் கீழேயே நின்றுவிட்டா.

ஐப்பசியில்தான் டொக்டரிடம் நேரே போனோம். அவர் கேட்டது ஒரேயொரு கேள்வி: ‘இந்த இருமல் எப்ப தொடங்கினது?’ அந்தக் குளிசை தொடங்கி இரண்டு மாதத்தில். ராமிப்ரில் சேர்ந்த மருந்து வகை சிலருக்கு இப்படி வறட்டு இருமலைத் தரும். பெண்களுக்குக் கொஞ்சம் கூட. டொக்டர்மாருக்கு இது நன்றாகத் தெரிந்த விஷயம். அவர் வேறு வகைக் குளிசையை எழுதினார். ஒரு மாதத்துக்குள் இருமல் அடங்கியது. வேலை போனது போனதுதான்.

சபையோரே, இதில் டொக்டரின் பிழை எவ்வளவு, எங்கள் பிழை எவ்வளவு என்று நான் பல நாள் யோசித்தேன். எட்டு மாதமாக நாங்கள் அவருக்கு அனுப்பியது ஒரே வசனம்: ‘வழமையான மருந்து’. இருமலைப் பற்றி ஒரு சொல் அவருக்கு எழுதவில்லை. பார்மசிக்குச் சொன்னோம், சென்னைக்குச் சொன்னோம், அயலட்டைக்கெல்லாம் சொன்னோம். மருந்து எழுதுகிறவருக்குச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. இதைத்தான் இன்றைக்கு உங்கள் முன் வைக்க வந்தேன்.

நிற்க. இந்த நம்பர் விஷயம் எப்படி வந்தது என்று பார்ப்போம்.

இத்தாலியின் தேசிய சுகாதார சேவை 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உண்டானது. முன்பெல்லாம் சிவப்புக் கடதாசியில்தான் மருந்துத்துண்டு, அதாவது ரிச்செத்தா, தருவார்கள். 2011 இல் அதைக் கொம்பியூட்டருக்கு மாற்றச் சட்டம் வந்தது. டொக்டர் எழுதியவுடன் அது மத்திய அமைப்பில் பதிவாகும். அதற்கு 15 எழுத்தும் இலக்கமும் கொண்ட ஒரு நம்பர் விழும். 2016 இலிருந்து அந்தத் துண்டுக்கு இத்தாலியின் எந்த மாகாணப் பார்மசியிலும் மருந்து எடுக்கலாம். கோடையில் முதலாளி குடும்பத்தோடு வடக்கே போகிற எங்கட பெண்களுக்கு இது பெரிய உதவி.

அப்போதும் நினைவூட்டுக் கடதாசி ஒன்றை வாங்க டொக்டரிடம் போகவேண்டியிருந்தது. கொரோனா வந்தபோது, 2020 மார்ச் 19 இல், சிவில் பாதுகாப்புத் திணைக்களம் ஒரு கட்டளை போட்டது: கடதாசி தேவையில்லை, நம்பரை ஈமெயிலிலோ எஸ்எம்எஸ்ஸிலோ ரெலிபோனில் வாயாலோ சொன்னால் போதும். தற்காலிகமாக வந்தது பல தடவை நீட்டப்பட்டு, 2025 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுச் சட்டத்தோடு நிரந்தரமாகிவிட்டது. 2025 தை முதலாம் திகதியிலிருந்து அரசு காசு கட்டும் சிவப்புத் துண்டு மட்டுமல்ல, நாங்களே காசு கட்டி வாங்கும் வெள்ளைத் துண்டும் கொம்பியூட்டரில்தான் எழுதப்படவேண்டும் என்பது சட்டம்.

பார்மசியில் அந்த நம்பரையும் உங்கள் சுகாதார அட்டையையும் காட்டவேண்டும். வழக்கமாக மருந்துக்கான சிவப்புத் துண்டு 30 நாள் செல்லும். ஒரு துண்டில் இரண்டு பெட்டி, நீண்டகால வருத்தத்துக்குக் கட்டண விலக்கு எடுத்தவர்களுக்கு மூன்று பெட்டி வரை. நம்பர் வந்த மெசேஜை வட்ஸ்அப் குறூப்புகளில் போடாதேயுங்கோ. உங்கள் வருத்தம் என்னவென்று ஊருக்குச் சொல்வது போலத்தான் அது.

இனி, டொக்டர் வீடியோவில் பார்க்கிற ‘தெலேவிசித்தா’. இதற்கு 2014 இல் ஒரு தேசிய வழிகாட்டலும், 2020 டிசம்பர் 17 இல் மாகாணங்களும் அரசும் சேர்ந்து செய்த விதிகளும் உண்டு. எங்களுக்குத் தேவையானவற்றை மட்டும் சொல்கிறேன்.

வருத்தம் என்னவென்று நேரே பார்த்துக் கண்டுபிடித்த பிறகு, அதைத் தொடர்ந்து கவனிப்பதற்குத்தான் வீடியோப் பார்வை. புது வருத்தத்துக்கு அல்ல. நோயாளியின் சம்மதம் வேண்டும். நீங்கள் ‘இல்லை, நேரே வாறன்’ என்று சொல்லலாம். டொக்டரும் இது வீடியோவுக்குச் சரிவராது என்று தீர்மானித்தால் உங்களை நேரே கூப்பிடவேண்டும். பார்வையின்போது மருந்து எழுதலாம். ரிக்கற் கட்டணமும் விலக்கும் நேரே போவது போலத்தான். பராமரிக்கிறவர் பக்கத்தில் இருக்கலாம். சும்மா ரெலிபோனில் கதைப்பது தெலேவிசித்தா ஆகாது. மகன் அனுப்பிய அந்த ஒரு வரி மெசேஜ் அதைவிடவும் குறைந்தது.

இந்த இடத்தில் எங்கட சிசிலிக்காரர் ஒருவரைச் சொல்லவேண்டும். ட்ராபனியில் பிறந்த டொக்டர் குயிதோ குயிதா, 1935 இல் ரோமில் ஒரு வானொலி மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார். டொக்டர் இல்லாத கப்பல்களுக்கு ரேடியோ மூலம் இலவசமாக வைத்தியம் சொல்வதுதான் அதன் வேலை. முதல் தலைவராக இருந்தவர் ரேடியோவுக்குப் பேர்போன மார்க்கோனி. அந்த நிலையம் இன்றும் இயங்குகிறது. யோசித்துப் பாருங்கள்: நடுக்கடலில் ஒரு மாலுமி கிடக்கிறான். கரையில் இருக்கிற டொக்டர் அவனைக் காணமாட்டார், தொடமாட்டார். எங்கே நோகுது, எப்ப தொடங்கினது, என்ன சாப்பிட்டான், என்ன மருந்து எடுத்தான் என்று கப்பலில் இருப்பவன் சொன்னால்தான் வைத்தியம் நடக்கும். தூரத்து வைத்தியத்தில் பாதி வேலை நோயாளியின் வாயில் இருக்கிறது. எங்கள் வீட்டில் அந்தப் பாதி நடக்கவில்லை.

அடுத்தது, வெளிநாட்டு டொக்டர். சென்னையிலோ கொழும்பிலோ இருக்கிற டொக்டர் வீடியோவில் எழுதித் தருகிற துண்டு இங்கே பார்மசியில் செல்லாது. இந்தியா 2020 மார்ச் 25 இல் வெளியிட்ட தொலைமருத்துவ விதிகளும் இந்தியாவுக்கு வெளியே செய்யும் ஆலோசனையைத் தாங்கள் உள்ளடக்கவில்லை என்றே சொல்கின்றன. எங்கட சொந்தக்காரத் தம்பி அன்போடுதான் சொன்னார். ஆனால் அவருக்கு மனைவி குடிக்கிற குளிசை எதுவென்று நாங்கள் சொல்லவில்லை, அவரும் நெஞ்சைத் தொட்டுப் பார்க்கவில்லை. சொந்தக்கார டொக்டரிடம் கேளுங்கள், விளக்கம் கேளுங்கள், பிழையில்லை. அந்த விளக்கத்தை எடுத்துக்கொண்டு இங்குள்ள டொக்டரிடம் போங்கள்.

இன்ரநெற்றில் மருந்து வாங்குவதும் அப்படித்தான். இத்தாலியில் துண்டு தேவையில்லாத மருந்துகளை மட்டுமே, அதுவும் அனுமதி பெற்ற பார்மசிகளும் கடைகளும் இன்ரநெற்றில் விற்கலாம். அனுமதி பெற்ற இடத்தில் பச்சை நிறமும் வெள்ளைச் சிலுவையும் உள்ள ஐரோப்பியச் சின்னம் இருக்கும். துண்டு வேண்டிய மருந்தைத் துண்டில்லாமல் அனுப்புறம் என்று எவனாவது சொன்னால், அது சட்டவிரோதம். உள்ளே என்ன இருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

இப்போது ஒரு கேள்வி வரும்: ‘அண்ணை, எங்களுக்கு விசாவே சரியில்லை, எங்களுக்கு எங்க குடும்ப டொக்டர்?’ அகதி மனுப் போட்டவர்களுக்கும் அகதி அந்தஸ்துக் கிடைத்தவர்களுக்கும் சுகாதார சேவையில் பதிய உரிமை உண்டு. சொஜோர்ணோ புதுப்பிக்கக் கொடுத்திருந்தால், அந்த றிசீற்றைக் காட்டிப் பதிவைத் தொடரலாம். அட்டை முடிந்துபோய்க் கிடக்க விடாதேயுங்கோ. ஒரு பத்திரமும் இல்லாதவர்களுக்கு ‘எஸ்ரிபி’ எனும் கோட் உண்டு. ஆறு மாதம் செல்லும், புதுப்பிக்கலாம். அவசர சிகிச்சையும் அத்தியாவசிய சிகிச்சையும் அதில் கிடைக்கும். 1998 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தின் 35 ஆம் பிரிவு, வைத்தியத்துக்குப் போகிற பத்திரமில்லாதவரைப் பொலிசுக்குச் சொல்லக்கூடாது என்கிறது. அந்தப் பயத்தில் யாரும் வருத்தத்தோடு வீட்டுக்குள் கிடக்கவேண்டாம்.

இன்னொன்று, மனவருத்தத்தோடு சொல்கிறேன். எங்கள் வீடுகளில் டொக்டருக்கு மெசேஜ் எழுதுவது யார்? பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள். என் மகனும் அப்படித்தான் எழுதினான். தாயின் உடம்பு விஷயத்தைத் தாய் பிள்ளைக்குச் சொல்ல வெட்கப்படுவா, பிள்ளை பாதியை விட்டுவிட்டு எழுதும். மூத்தவர்கள் நாங்களே நாலு வசனம் பழகவேண்டும். நேரே போகும்போது மொழி உதவியாளர், ‘மெதியத்தோரே’, இருக்கிறாரா என்று கேளுங்கள். கதைத்து விளங்கவே முடியாத டொக்டர் என்றால், சுகாதாரப் பகுதியில் செலவில்லாமல் வேறு டொக்டருக்கு மாறலாம். டொக்டரின் பக்கத்தையும் பார்க்கவேண்டும். ஒரு குடும்ப டொக்டருக்கு 1500 பேர் வரைக்கும் என்பதுதான் வழமையான கணக்கு. ‘வழமையான மருந்து’ என்று அத்தனை பேரும் எழுதினால், அவர் ஒவ்வொருவரையும் திருப்பிக் கேட்டுக்கொண்டிருப்பாரா? ஆனாலும் மருந்து எழுதுவது அவர் வேறொருவரிடம் விடமுடியாத பொறுப்பு. கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

முடிவாக, எங்கள் வீட்டில் இப்போது செய்வதைச் சொல்கிறேன். குளிசைப் பெட்டி வைக்கிற இடத்தில் ஒரு கொப்பி இருக்கிறது. எந்தக் குளிசை எப்ப தொடங்கினது, பிறசர் எவ்வளவு, உடம்பில் புதிதாக என்ன என்று தமிழில் எழுதுவோம். மெசேஜ் அனுப்பும்போது ‘வழமையான மருந்து’ என்பதற்குக் கீழே இன்னொரு வரி: புதிதாக ஒன்றுமில்லை, அல்லது இன்னது இருக்கிறது. பெட்டியில் ஒரு கிழமைக்கான குளிசை மிஞ்சும்போதே கேட்போம். சில மாதத்துக்கொருக்கால், ஒன்றுமில்லாவிட்டாலும், நேரே போய்ப் பிறசர் அளப்பிப்போம். எதையும் டொக்டரைக் கேளாமல் நாங்களாக நிற்பாட்டுவதில்லை. என் கதையைக் கேட்டுவிட்டு யாராவது இன்றிரவே ராமிப்ரிலை நிற்பாட்டினால், அந்தப் பழி என் தலையில். கேட்டு மாற்றுங்கள்.

நாட்பட்ட வருத்தத்துக்கான குளிசை முடிந்துவிட்டது, டொக்டரும் இல்லை என்றால், 2008 ஆம் ஆண்டு மந்திரி கட்டளைப்படி, முன்பு எடுத்த மருந்துதான் என்பதற்கு ஆதாரம் காட்டினால் பார்மசிக்காரர் அவசரத்துக்கு ஒரு சின்னப் பெட்டி தரலாம். முழுக் காசும் நீங்கள் கட்டவேண்டும். பழைய பெட்டியை எறியாமல் கொண்டுபோங்கள். நெஞ்சு நோ, வாய் கோணுதல், ஒரு பக்கம் இழுத்தல், மூச்சு முட்டல் என்றால் மெசேஜும் இல்லை, வீடியோவும் இல்லை. உடனே 112.

என் மனைவி இப்போது வேறு வீட்டில் வேலை செய்கிறா. ஞாயிறுகளில் மலையும் ஏறுகிறா, என்னைவிட வேகமாக. போன மாதம் டொக்டருக்கு மெசேஜ் எழுதியது அவவேதான், மகன் இல்லை. எழுத்துப்பிழை நிறைய. டொக்டருக்கு விளங்கியது.