மாற்றுத்திறனாளர் புனர்வாழ்வு

தமிழ் இலக்கிய மரபிலே உடற்குறையுற்றோரைப் பற்றிய இரு செய்திகள் உள. ஒன்று மணிமேகலைக் காப்பியம் கூறும் ஆபுத்திரன் கதை. மதுரை மாநகரத்து வீதிகளிலே ஓடேந்தி இரந்து பெற்ற உணவைக் கண்ணில்லாதார்க்கும் செவி கேளாதார்க்கும் கால் இழந்தார்க்கும் ஆதரவற்றார்க்கும் ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டு, அந்த ஓட்டையே தலையணையாகக் கொண்டு உறங்கியவன் அவன். மற்றொன்று இரட்டைப் புலவர் கதை. அவருள் ஒருவர் கண் காணாதவர். மற்றவர் கால் நடவாதவர். நடக்க மாட்டாதவரைக் காண மாட்டாதவர் தோளிலே சுமந்தார். சுமக்கப்பட்டவர் வழி காட்டினார். ஒரு வெண்பாவின் முற்பாதியை ஒருவர் பாட, பிற்பாதியை மற்றவர் பாடி முடித்தார்.

இவ்விரு கதைகளும் இரு வேறு நெறிகளைக் காட்டுவன. ஆபுத்திரன் பசியைத் தீர்த்தான். அஃது உயர்ந்த அறம். ஆயினும் அவன் அளித்த சோற்றை உண்டவர்கள் மறுநாளும் அதே இடத்திலே அவன் வரவை நோக்கிக் காத்திருக்க வேண்டியவராயினர். இரட்டையரோ தம்பால் உள்ள ஆற்றலைக் கொண்டு இல்லாத ஆற்றலின் குறையை நிரப்பி, ஊர் ஊராகச் சென்று தம் தொழிலைச் செய்தனர். முன்னையது பராமரிப்பு, பின்னையது புனர்வாழ்வு. ஒரு நாட்டின் அரசு உடற்குறையுற்றோர்க்கு எவ்வளவு கொடுத்தது என்பதோடு, அவருள் எத்தனை பேரைத் தொழிலுக்கும் கல்விக்கும் ஊர்ப் பொதுவாழ்வுக்கும் மீட்டது என்பதும் கணக்கிடற்பாலது. இலங்கையின் கடந்த நூறாண்டு வரலாற்றை நோக்குமிடத்து, நாடு முன்னைய நெறியினின்றும் பின்னைய நெறியை நோக்கி மெல்ல மெல்ல நடந்து வந்திருப்பது புலனாகும்.

தொடக்கத்திலே இப்பணியை மேற்கொண்டோர் சமயத் தொண்டர்களும் தரும சங்கத்தாருமே. 1912ஆம் ஆண்டில் மேரி சாப்மன் என்னும் ஆங்கில மாது, செவிப்புலனும் கட்புலனும் இழந்த பிள்ளைகளுக்கெனக் கொழும்புக்குத் தெற்கே ஒரு பாடசாலையைத் தொடங்கினார். அது பின்னர் இரத்மலானையில் நிலைபெற்றது. தமிழ்ப் பிள்ளைகள் தம் மொழியிலேயே கற்கும் வண்ணம் 1956இல் யாழ்ப்பாணத்துக் கைதடியிலே நபீல்ட் பாடசாலை எழுந்தது. வாய்மொழியே கல்வியெனக் கருதப்பட்ட காலத்தில், கை விரலாலே படிக்கவும் கைச் சைகையாலே பேசவும் இயலும் என்பதை இப்பாடசாலைகள் ஊராருக்குக் காட்டின.

பிரெயில் எழுத்து ஆறு புள்ளிகளின் சேர்க்கையால் ஆயது. இந்திய மொழிகட்கெல்லாம் பொதுவாக 1951இல் வகுக்கப்பட்ட பாரதி பிரெயில் முறையிலேயே தமிழும் பொறிக்கப்படுகின்றது. அச்செழுத்திலே "கொ" என்பதனை எழுதும்போது கொம்பு முன்னும் கால் பின்னுமாக மெய்யைச் சூழ்ந்து நிற்கும். பிரெயிலிலோ மெய்யெழுத்துக்குரிய புள்ளிகள் முதலிலும் உயிரெழுத்துக்குரிய புள்ளிகள் அடுத்தும், நாவிலே ஒலிக்கும் ஒழுங்கிலேயே அமைந்துவிடும். ஆதலின் கண் காணாத பிள்ளை தமிழ் கற்பது, பலரும் எண்ணுமாறு, அத்துணை அரியதொன்றன்று. அரியது யாதெனின், அப்பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பலாம் என்னும் எண்ணம் பெற்றோர் உள்ளத்திலே தோன்றுவதேயாகும்.

அரசு இத்துறையில் முறையாகப் புகுந்தது சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளிலேயாம். சேர் ஐவர் ஜெனிங்ஸ் தலைமையில் அமைந்த சமூக சேவைகள் ஆணைக்குழு 1947இல் தன் அறிக்கையை வெளியிட்டது. 1948இல் சமூக சேவைகள் திணைக்களம் உருவாயிற்று. வறியோர்க்கும் நோயுற்றோர்க்கும் உடற்குறையுற்றோர்க்கும் மாதந்தோறும் உதவிப் பணம் வழங்குதல் அதன் முதற் கடமைகளுள் ஒன்றாயிருந்தது. பின்னர், சீதுவை முதலாய இடங்களிலே தொழிற்பயிற்சி நிலையங்களையும் அத்திணைக்களம் நடத்தலாயிற்று. உதவிப் பணம் ஆபுத்திரன் ஓட்டைப் போன்றதெனின், தொழிற்பயிற்சி இரட்டையர் கண்ட வழியைச் சார்ந்தது. இரண்டும் வேண்டப்படுவனவே, பசித்திருப்பவன் பயிற்சிக்கு வாரான்.

உடற்குறை வாராமற் காத்தலும் அரசின் பணியே. இளம்பிள்ளை வாதம் 1962இல் இந்நாட்டிலே பெருமளவிற் பரவிற்று. அவ்வாண்டிலேயே வாய்வழிச் சொட்டு மருந்தும் கொடுக்கப்படத் தொடங்கிற்று. 1993ஆம் ஆண்டுக்குப் பின் இலங்கையில் ஒரு குழந்தையேனும் அந்நோயாற் பீடிக்கப்படவில்லை. ஆனால், நோய் விட்ட இடத்தைப் போர் பிடித்துக்கொண்டது. 1983 முதல் 2009 வரை நீடித்த போரிலே எறிகணையாலும் மிதிவெடியாலும் கால் இழந்தோர் பலர். வடக்கிலும் கிழக்கிலும் வயலுக்குச் சென்றவரும் விறகுக்குச் சென்றவரும் அவருள் அடங்குவர்.

இந்நிலையிலே பெரிதும் துணைநின்றது ஜெய்ப்பூர்க் கால் எனப்படும் செயற்கைக் கால். 1968ஆம் ஆண்டளவில் இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரிலே பி. கே. சேத்தி என்னும் என்புமுறிவு வைத்திய நிபுணரும், ராம்சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் சேர்ந்து இதனை ஆக்கினர். மேனாட்டுச் செயற்கைப் பாதம் சப்பாத்து அணிந்து நாற்காலியில் அமர்வோர்க்கு ஏற்றது. கீழை நாட்டு உழவனோ வெறுங்காலோடு சேற்றில் இறங்குபவன். தரையிலே சம்மணமிட்டு உண்பவன். குந்தியிருந்து வேலை செய்பவன். அவனுக்கு வேண்டியது எப்புறமும் வளையும் பாதம். நீரிலே ஊறாத பாதம். கைவினைஞர் அறிந்த றப்பரையும் மரத்தையும் அச்சிலே இட்டு வேகவைத்து அத்தகைய பாதத்தை அவர்கள் வார்த்தெடுத்தனர். கணைக்காற் பகுதியை முதலிலே அலுமினியத் தகட்டாலும், பின்னர் நீர்க்குழாய் செய்யப் பயன்படும் பிளாஸ்ரிக்காலும் அமைத்தனர். செலவு குறைந்தது, ஊர்ப் பட்டறையிலேயே செய்யக்கூடியது. 1987இல் யாழ்ப்பாணத்திலும் ஒரு ஜெய்ப்பூர் நிலையம் தொடங்கிற்று. போர் நடந்த காலத்திலும் அந்நிலையம் தன் பணியைச் செய்து வந்தது. செயற்கை அவயவம் பொருத்தும் கலையை இந்நாட்டவர்க்கே கற்பிக்கும் பாடசாலையொன்று 2004இல் ராகமையில் நிறுவப்பட்டது.

ஈண்டு ஒன்று கவனிக்கற்பாலது. செயற்கைக் கால் ஒருமுறை பெற்றதும் முடிந்துபோகும் காரியமன்று. வெட்டுண்ட காலின் எஞ்சிய பகுதியிலே முதலில் வீக்கம் இருக்கும்; துணியினால் முறையாகச் சுற்றிச் சுற்றி அதனை வடியச் செய்தல் வேண்டும். பின்னரே அளவெடுத்தல் இயலும். சில மாதத்திலே அப்பகுதி மேலும் மெலியும். அப்பொழுது முன் பொருத்திய கிண்ணம் தளரும். தளர்ந்த கிண்ணம் தோலை உராய்ந்து புண்ணாக்கும். வளரும் பிள்ளையாயின் கால் நீளுந்தோறும் புதிய கால் வேண்டும். ஒவ்வொரு முறையும் நிலையத்துக்கு வந்து போதல் வேண்டும். காலை இலவசமாக அளித்தாலும், முல்லைத்தீவின் உட்கிராமத்திலிருந்து வரும் ஒரு கூலியாளுக்குப் பஸ் கட்டணமும் துணைக்கு வருபவரின் ஒரு நாட் கூலியும் இழப்பாகும். அவ்விழப்பைத் தாங்கமாட்டாதவர் புண்ணுக்கு அஞ்சிக் காலைக் கழற்றி வீட்டு மூலையிலே சார்த்திவிடுவர். பதிவேட்டிலே அவர் புனர்வாழ்வு பெற்றவர். வீட்டிலே அவர் முன்போலவே திண்ணையில் இருப்பவர். அரசின் உதவி வீணாவது பெரும்பாலும் இத்தகைய சிறு இடைவெளியிலேதான்.

இவ்வுண்மையை முன்னரே உணர்ந்தவர்களுள் ஒருவர், உடற்பயிற்சிச் சிகிச்சை நிபுணரான இலங்கையர் பத்மணி மெண்டிஸ் அம்மையார். நகரத்து வைத்தியசாலையிலே நிபுணர் சிலர் அளிக்கும் சிகிச்சை, கிராமத்திலே வாழும் பல்லாயிரவரை எட்டாது. ஆகவே குடும்பத்தவர்க்கும் ஊராருக்கும் எளிய பயிற்சிகளைக் கற்பித்து, வீட்டு முற்றத்திலேயே புனர்வாழ்வைத் தொடங்குதல் வேண்டும் என்னும் கருத்து 1970களின் பிற்பகுதியில் உருப்பெற்றது. உலக சுகாதார நிறுவனத்துக்காக இக்கருத்தை விளக்கும் கைந்நூலை எழுதியோருள் அவரும் ஒருவர். நடை பழகுவதற்குச் சமாந்தரக் கம்பிகள் வேண்டுமெனின், முற்றத்திலே நான்கு கட்டைகளை நட்டு இரண்டு மூங்கில்களைக் கட்டினாற் போதும். கழுத்து நிலையாத குழந்தையை நிமிர்த்தி இருத்த, சுவர் மூலையைப் போன்ற சாய்வுடைய சிறு பலகை ஆசனத்தை ஊர்த் தச்சனே செய்து தருவான். சமுதாய அடிப்படையிலான புனர்வாழ்வு என வழங்கும் இம்முறையை, 1994 முதல் இலங்கை அரசு தேசிய வேலைத்திட்டமாக மேற்கொண்டது. பிரதேச செயலகங்களிலே பணிபுரியும் சமூக சேவை உத்தியோகத்தர் இதன் கைகால்கள் எனலாம்.

இனி, சட்டத்தை நோக்குவோர்க்கு மற்றொரு மாற்றம் தோன்றும். 1988இல் வெளியான அரச நிருவாகச் சுற்றறிக்கை, தகைமையுடைய மாற்றுத்திறனாளருக்கு அரச சேவை வெற்றிடங்களில் நூற்றுக்கு மூன்று வீதம் ஒதுக்குமாறு பணித்தது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், உடற்குறையைக் காரணங்காட்டி ஒருவருக்கு வேலையையோ கல்வியையோ மறுத்தலாகாது என விதித்தது. மறுக்கப்பட்டவர் மாகாண மேல் நீதிமன்றத்தை நாடவும் அச்சட்டம் வழிசெய்தது. அங்ஙனம் நாடுபவர் நீதிமன்ற வாயிலிலே உதவி கேட்டு நிற்பவரல்லர். தமக்குரியதைக் கேட்டு நிற்பவர். 2011ஆம் ஆண்டின் சட்டமொன்று, வாக்களிக்கச் செல்லும் மாற்றுத்திறனாளர் தம் நம்பிக்கைக்குரிய ஒருவரை உடன் அழைத்துச் செல்ல இடமளித்தது. மாற்றுத்திறனாளர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை 2016இல் இலங்கை ஏற்றுறுதி செய்தது.

பொதுக் கட்டடங்களைப் பற்றிய ஒழுங்குவிதிகள் 2006இல் வர்த்தமானியில் வெளியாயின. சக்கர நாற்காலியில் இயங்கும் ஒரு குடிமகன் தொடுத்த வழக்கிலே, புதிதாக எழும் பொதுக் கட்டடங்கள் யாவரும் அணுகத்தக்கனவாக அமைதல் வேண்டும் என உயர் நீதிமன்றம் 2011இல் கட்டளையிட்டது. இதன் பொருள் எளிது. ஓரங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் என்பது சாய்தளத்துக்குக் கட்டடக் கலைஞர் பொதுவாகக் கொள்ளும் அளவு. ஆறங்குலப் படியொன்றுக்கு ஆறடி நீளச் சாய்தளம் போதும். சில மூடை சீமெந்தும் ஒரு கொத்தனாரின் சில நாள் வேலையும் அதற்குப் போதுமானவை. அஃது இல்லாத இடத்திலே, சட்டமும் சுற்றறிக்கையும் சமவாயமும் அந்த ஆறங்குலப் படியின் அடியிலேயே நின்றுவிடுகின்றன. கொடுப்பனவு வழங்கும் அலுவலகமே மேல்மாடியில் இருக்குமாயின், அதனைப் பெறவேண்டியவரைப் பிறர் தூக்கிச் செல்ல வேண்டியதாகின்றது. உரிமையைப் பெறச் சென்ற இடத்திலேயே அவர் மானத்தை இழக்கின்றார்.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்டோருள் 16 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள், அதாவது நூற்றுக்கு 8.7 வீதத்தினர், காண்டல், கேட்டல், நடத்தல் முதலியவற்றில் ஏதேனும் இடர்ப்பாடு உடையவராகக் காணப்பட்டனர். ஏறத்தாழப் பன்னிருவரில் ஒருவர் என்னும் இக்கணக்கு, இவர்கள் எங்கோ விடுதிகளில் வாழும் சிலரல்லர் என்பதைக் காட்டும். ஒவ்வொரு தெருவிலும் இவர்கள் உளர். முதுமை வருங்கால் எவரும் இவர்களோடு சேரக்கூடியவரே.

இவர்களுள் வருமானம் குறைந்தோர்க்கு மாதந்தோறும் அரசு கொடுப்பனவு வழங்கி வருகின்றது. அதனை 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தும் முன்மொழிவு 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் இடம்பெற்றது. விலைவாசி ஏறிய காலத்திலே ஒரு குடும்பத்தைத் தாங்க இது போதாது. ஆயினும், பெறவேண்டியவர் பெறாமலிருப்பதற்குத் தொகையின் சிறுமை மட்டும் காரணமன்று. விண்ணப்பிக்கலாம் என்பதே சிலருக்குத் தெரியாது. மருத்துவச் சான்றிதழுக்காக அலைய இயலாமல் விட்டவர் சிலர். மகளுக்கு மணம் பேசும்போது தடையாகுமென அஞ்சி, குறையுடைய பிள்ளையின் பெயரை எப்பதிவிலும் சேர்க்காது வீட்டுள் மறைத்து வைப்போரும் உளர். முதலிரண்டும் அலுவலகத்தால் நீக்கத்தக்கவை. மூன்றாவது ஊரால் மட்டுமே நீக்கத்தக்கது. அரசாங்கம் எத்துணை நிதி ஒதுக்கினும், மறைத்து வைக்கப்பட்ட பிள்ளையை அது கண்டுபிடிக்க மாட்டாது.

ஆகையால், நேயர்கள் செய்யத்தக்கது பெரிய காரியமன்று. அயல்வீட்டிலே நடக்க மாட்டாத முதியவரோ, பேச்சு வாராத பிள்ளையோ, காலைக் கழற்றி மூலையில் வைத்த இளைஞரோ இருப்பின், அவர் பெயர் கிராம உத்தியோகத்தரின் பதிவிலே உள்ளதா எனக் கேட்டறிதல் வேண்டும். இல்லையெனில் பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரிடம் அவரை அழைத்துச் செல்லுதல் வேண்டும். எழுதத் தெரியாதவருக்கு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கலாம். வாசிகசாலைக்கோ கோயில் மடத்துக்கோ புதுக் கட்டடம் எழுப்பும் சபையார், அடித்தளம் இடும் நாளிலேயே சாய்தளத்துக்கும் இடம் விட்டால் பின்னர் இடித்துக் கட்டும் செலவு இல்லை. இவை அரசின் பொறுப்பைக் குறைப்பன அல்ல. அரசு தரும் உதவி உரியவரின் வீட்டு வாயில்வரை சென்று சேர்வதற்கு வழிசெய்வன.