குளச்சல் தூணும் கல்குளத்துப் படையும்

பத்மநாபபுரம் அரண்மனைக்கு வருகிறவர்கள் தாய்க்கொட்டாரத்தையும் நவராத்திரி மண்டபத்தையும் சுற்றிப் பார்த்துவிட்டு, நேரே கன்னியாகுமரிக்கு வண்டி ஏறிவிடுகிறார்கள். மேற்கே குளச்சல் வரை ஒரு எட்டு போகிறவர்கள் குறைவு. அங்கே கடற்கரை அருகே ஒரு வெற்றித் தூண் நிற்கிறது. அதன் கதை பத்மநாபபுரத்திலிருந்துதான் புறப்படுகிறது.

மிளகு விளையும் சிறு நாடுகளைத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டது டச்சுக் கம்பெனிக்குப் பொறுக்கவில்லை. 1741-இல் இலங்கையிலிருந்து கப்பலில் வந்து குளச்சலில் இறங்கினார்கள். அவர்கள் குறிவைத்தது கல்குளத்தை. அன்று தலைநகராக இருந்த பத்மநாபபுரத்துக்கு அதுதான் பெயர். இரணியல் வரை வந்தும்விட்டார்கள். வடக்கே இருந்த மன்னர் விரைந்து திரும்பி, திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளை வணங்கிவிட்டுப் படையை நடத்தினார் என்பார்கள். டச்சுக்காரர்கள் குளச்சலுக்கே பின்வாங்கி முற்றுகையில் சிக்கினார்கள். ஆகஸ்டில் சரணடைந்தார்கள்.

கரையோரத்தில் இன்னொரு கதையும் உண்டு. படைக்கு ஆள் போதாதபோது முக்குவ மீனவர்கள் துடுப்பைத் தோளில் சாய்த்து வரிசையாக நின்றார்களாம். கப்பலிலிருந்து பார்த்தவனுக்கு அது துப்பாக்கிப் படையாகத் தெரிந்ததாம். மாட்டு வண்டியில் பனந்தடியை ஏற்றி, பீரங்கி என்று ஏய்த்தார்களாம். ஆவணத்தில் இதற்கு இடம் உண்டோ இல்லையோ, சம்பளத்துக்கு நிற்காத அந்த மனிதர்களையும் தூணின் கணக்கில் சேர்க்கத்தான் எனக்குத் தோன்றுகிறது.

பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய். கைதியாக வந்தவர், பிறகு மன்னரின் படைக்கே பயிற்சி கொடுத்து 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய தளபதி, ஆனார். 1777-இல் இறந்தார். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கும் அவர் கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறது. எதிரிக்குத் தமிழில் கல்வெட்டு. நடந்து போய்ப் போரிட்ட சாதாரணப் போர்வீரனின் பெயரோ எந்தக் கல்லிலும் இல்லை!

ஆனால் அவனுடைய படை இன்னும் இருக்கிறது. 1704-இல் பத்மநாபபுரத்தில் மன்னரின் மெய்க்காவலாகத் தொடங்கிய அந்தப் படை, நாயர் படையாக வளர்ந்து, 1954-இல் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 9-ஆவது பட்டாலியன் ஆனது. பழைய நாட்காட்டிக் கணக்குப்படி ஜூலை 31-ஐக் குளச்சல் நாளாகக் கொண்டாடி, ரெஜிமெண்ட் வீரர்கள் தூணுக்கு மரியாதை செலுத்துகிறார்கள். தூணைப் பார்க்க விரும்புகிறவர்கள் தக்கலையில் பஸ் ஏறினால் போதும். இரணியல் தாண்டி, திங்கள்நகர் வழியாகக் குளச்சலில் இறங்கலாம்.