காயும் கனியும்: மரம் விடுக்கும் தூது



பால்மரத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் இவ்வவையில் சிலரேனும் இருப்பீர்கள். வெயில் ஏறிய நண்பகலில் ரப்பர்க் காய் ‘பட்’டென வெடித்து, விதைகள் தகரக் கூரைமேல் விழும் ஓசையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மூன்று அறைகள் கொண்ட அக்காய்க்குச் சுவைமிக்க சதையில்லை. கண்ணைக் கவரும் நிறமுமில்லை. எந்தப் பறவையையும் அது விருந்துக்கு அழைக்கவில்லை. ஓடு உலரும்போது ஏறும் இறுக்கமே விதையைத் தொலைவில் வீசுகிறது. தாயகமாகிய அமேசான் கரைகளில் வெள்ளநீர் அவ்விதையை மேலும் சுமந்து செல்கிறது.

தாய்மரத்தின் நிழலில் விழும் விதைக்கு ஒளி அரிது. அம்மரத்தையே உண்டு பழகிய பூச்சியும் பூஞ்சையும் அங்கே மிகுதி. ஆகவே விலகிச் செல்வது விதைக்கு வாழ்வு. கனியின் வடிவமும் நிறமும் அப்பயணத்திற்கான ஏற்பாடுகள். 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்று, இவ்வட்டாரத்தில் ரப்பர்ப் பயிர் பரவ உழைத்த ஹென்றி ரிட்லி, விதைப் பரவலைப் பற்றியே 1930இல் ஒரு பெருநூல் வெளியிட்டார்.

காற்றை நம்பும் கெருவிங் மரத்தின் காய்க்கு இரு நீண்ட சிறகுகள். கடலை நம்பும் தேங்காய்க்கு மிதக்கும் நார்ப்போர்வை. உயிர்களை நம்பும் மரங்களோ, வருவோரின் புலனறிந்து பேசுகின்றன. பறவைகளுக்குக் கூரிய நிறப்பார்வை உண்டு, பற்கள் இல்லை. எனவே அவை விழுங்கும் கனிகள் பெரும்பாலும் சிறியவை, மென்தோல் உடையவை, சிவப்போ கருமையோ பூண்டவை. சிம்போ ஆயர் புதரின் காய் விண்மீன்போல் விரிந்து செந்நிறம் காட்டுவதும் பறவைகளை நோக்கியே. இரவில் திரியும் வௌவாலுக்கு நிறத்தால் பயன் குறைவு. அது நாடும் அத்தியினங்கள் பல பழுத்தபின்னும் பசுமை மாறாமல் மணத்தால் அழைக்கின்றன. டுரியானின் முள், விதை முற்றும்வரை காவல். முற்றியபின் அதன் மணமே அழைப்பு. இவை போக்குகளேயன்றிக் கட்டளைகள் அல்ல. ஒரே கனியைப் பறவையும் குரங்கும் பகிர்ந்துண்பதும் உண்டு.

இனி நம் மொழியை நோக்குவோம். பிஞ்சு, காய், செங்காய், பழம் எனப் பருவந்தோறும் தமிழ் பெயர் மாற்றுகிறது. விதையைக் காக்கும் பருவம் காய். அதைக் கொடுக்க இசையும் பருவம் கனி. துவர்ப்பு இனிப்பாவதும் பச்சை சிவப்பாவதும் இவ்விரு பருவங்களுக்கு இடையே. பழுக்காமலே வெடிப்பதை நாம் ரப்பர்ப் பழம் என்பதில்லை; ரப்பர்க் காய் என்றே சொல்கிறோம். ஏட்டுக் கல்வி அறியாத நம் தோட்டத்துப் பாட்டிமாரும் இவ்வேறுபாட்டில் தவறியதில்லை.

அழைப்புக்குச் செவிசாய்ப்போர் இல்லாவிடில் என்னாகும்? பெரிய விதைகளை விழுங்கித் தொலைவில் இடவல்ல பறவைகள் சிலவே. அவற்றுள் தலையாயது இருவாட்சி. பேராக்கின் பெலும்–தெமெங்கோர் காட்டில் இன்றும் பத்து வகை இருவாட்சிகள் வாழ்கின்றன. சிங்கப்பூரிலோ நூறாண்டுகளுக்கும் மேலாக அப்பறவை இல்லை; 1994இல்தான் உபின் தீவில் மீண்டும் தென்பட்டது. பின்னர்ச் செயற்கைக் கூடுகள் அமைத்துப் பேணியதால் இன்று நகரத்து மரங்களிலும் அதைக் காண்கிறோம். பறவைகள் அகன்ற காட்டிலும் கனி சிவக்கும். ஆனால் விதை மரத்தடியிலேயே மட்கும்.

சொல்லுக்கும் இந்நிலை நேரலாம். செங்காய் என்ற சொல்லைக் கேட்டிராத பிள்ளைகள் நம் இல்லங்களில் வளர்கின்றனர். அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. நாம் அவர்களிடம் அச்சொல்லைச் சொல்லவில்லை. இவ்வார இறுதியில் ஒரு மரத்தடிக்கு அவர்களை அழைத்துச் செல்லுங்கள். எது காய், எது செங்காய், எது பழம் எனக் காட்டி, அதை உண்ண வருவது யார் எனக் காத்திருந்து பாருங்கள்.