அடிக்குறிப்பில் தொலைகிற ஆண்டு

(பாஞ்சாலங்குறிச்சியில் மாணவர்களும் களப்பணியாளர்களும் கூடிய பயிற்சி வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



நாம உக்கார்ந்திருக்கிற இந்த மண்ணைப் பத்தி நமக்குக் கிடைக்கிற பழைய அச்சுப் புத்தகங்கள் ஜெயிச்சவன் பக்கத்திலிருந்து வந்தவை. 1801 போரில் கும்பினிப் படையோடு வந்த ஜேம்ஸ் வெல்ஷ் 1830-ல் தன் நினைவுகளை அச்சிட்டான். பாதிரியார் கால்டுவெல் 1881-ல் திருநெல்வேலிச் சரித்திரம் எழுதினார். அவங்களுக்கு ஆண்டு இருக்கு, பக்க எண் இருக்கு. பக்கத்துக் கவர்னகிரி சுந்தரலிங்கத்தை நம்ம சனங்க வாய்மொழியில்தான் காப்பாத்தி வச்சிருந்தாங்க. 1997-ல் ஒரு அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு அவர் பெயரை வைத்ததும் ஆதிக்கச் சாதிகள் கொதித்தன. கலவரம் மூண்டது. கடைசியில் எல்லாத் தலைவர்களின் பெயரையும் அரசு கழற்றிவிட்டது.

நம்ம பிள்ளைகள் ஆய்வேடு எழுதப் போனால் முதல் கேள்வியே "ஆதாரம் எங்கே?" என்பதுதான். நான் வேலை பார்க்கிற வங்கியில் வவுச்சர் இல்லாமல் ஒரு பைசா எழுத முடியாது. ஆய்வேட்டில் அடிக்குறிப்புதான் வவுச்சர். அதில் ஓட்டை இருந்தால் உள்ளே சொன்ன உண்மையும் சேர்ந்து ஒழுகிப் போகும்.

இந்த வேலைக்கு இப்போது கருவி இருக்கிறது. ஸோட்டீரோ என்ற மென்பொருள் 2006-ல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவானது. காசு கிடையாது. அதில் மந்திரக்கோல் மாதிரி ஒரு பொத்தான். அதை அழுத்தி, புத்தகமென்றால் ஐ.எஸ்.பி.என். எண், கட்டுரையென்றால் 10 என்று தொடங்கும் டி.ஓ.ஐ. எண் கொடுத்தால் ஆசிரியர், தலைப்பு, ஆண்டு எல்லாம் தானாக வந்து விழும். கட்டுரை எழுதும்போது கேட்ட பாணியில் அடிக்குறிப்பும் போட்டுத் தரும்.

நல்லதுதான். ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும். மென்பொருள் புத்தகத்தைப் படிக்கிறதில்லை. பதிப்பகமோ நூலகமோ எங்கேயோ பதிந்து வைத்த வரியை எடுத்து வருது, அவ்வளவுதான். பதிந்தவன் தப்புப் பண்ணினால் அதுவும் தப்பாகத்தான் வரும். ஐ.எஸ்.பி.என்.-னில் கடைசி இலக்கம் சரிபார்க்கும் இலக்கம். ஒரு இலக்கம் மாறினால் காட்டிக் கொடுத்துவிடும். ஆண்டு தப்பென்றால் அது வாயே திறக்காது.

கால்டுவெல்லின் மறுபதிப்பு எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். மறுபதிப்பு வந்த ஆண்டுதான் வரும். 1891-ல் செத்துப்போன மனுசன் நூறு வருசம் கழிச்சுப் புத்தகம் எழுதின மாதிரி ஆகும். அவருக்கு இதில் நட்டமில்லை, சிரிச்சிட்டுப் போயிரலாம். நமக்கு?

அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கியது 1907-ல். அவர் மறைந்தது 1914-ல். அந்த எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999-ல் வெளியிட்டது. எந்திரத்தை நம்பி 'அயோத்திதாசர், 1999' என்று போட்டால் என்ன ஆகிறது? 'குடிஅரசு' 1925-ல் வந்தது. அதற்குப் பதினெட்டு வருசம் முன்னால் பேசின குரல், காகிதத்தில் எழுபத்து நாலு வருசம் பின்னால் போய் நிற்கிறது. முன்னோடியைப் பின்னோடியாக்க யாரும் சதி செய்ய வேண்டாம், ஒரு கட்டத்தைச் சரிபார்க்காமல் விட்டால் போதும். ஸோட்டீரோவில் 'எக்ஸ்ட்ரா' என்ற கட்டத்தில் மூல ஆண்டைச் சேர்க்க வழியிருக்கிறது. சேருங்கள். இதழ் வெளியான தேதியையும் எழுதுங்கள்.

அம்பேத்கரின் 'இந்தியாவில் சாதிகள்' 1916 மே 9-ல் கொலம்பியாவில் வாசிக்கப்பட்டது, 1917 மே மாத 'இந்தியன் ஆன்டிக்குவரி'யில் அச்சானது. தொகுதி 41 என்றுதான் பல இடங்களில் பார்க்கிறோம். அந்த இதழின் முதல் தொகுதி 1872. விரல் விட்டு எண்ணுங்கள், 1917-க்கு 46 வரும். ஒருத்தர் போட்டதை அடுத்தவர் பார்த்து எழுதி எழுதியே 41 நிலைத்துவிட்டது. எந்திரம் இந்த நகலெடுப்பை வேகமாக்கும், நிறுத்தாது.

பெயர் விசயமும் இருக்கு. மென்பொருள் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டம் காட்டும். சாதிப் பட்டத்தை உதறிய நமக்கு அதில் எதைப் போட? அப்பா பெயரால் நம்மைக் கூப்பிட விடாதீர்கள். பக்கத்திலேயே ஒற்றைக் கட்டமாக்கும் வசதி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள்.

செயற்கை நுண்ணறிவிடம் ஆதாரம் கேட்டால் இன்னும் ஆபத்து. இல்லாத கட்டுரைக்கு டி.ஓ.ஐ. எண்ணே போட்டுத் தரும். எந்த எண்ணையும் டி.ஓ.ஐ. தளத்தில் கொடுத்துத் திறந்து பார்க்காமல் எழுதாதீர்கள்.

கடைசியாக ஒன்று. எண் இல்லாததெல்லாம் ஆதாரமில்லை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சிறுபத்திரிகைக்கும் துண்டறிக்கைக்கும் கையாலேயே முழு விவரம் எழுதலாம்: பெயர், தலைப்பு, இதழ், மாதம், ஆண்டு, ஊர், பக்கம். கூடவே எண்ணையும் வாங்குவோம். புத்தக எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை காசில்லாமல் கொடுக்கிறது. ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் நடத்துகிற செனோடோ தளத்தில் ஆவணத்தை ஏற்றினால் டி.ஓ.ஐ. இலவசம். எழுதியவர் சம்மதம் வாங்கி, பரணில் கரையான் தின்னுகிற நம்ம இதழ்களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். அங்கே விவரம் பதிகிற கை நம்ம கையாக இருக்கும். ஆண்டையும் பெயரையும் ஒழுங்காகப் பதியுங்கள்.