தோற்ற மறுநாள்

(தென்னேரியில் நடந்த பட்டிமன்றத்தில் 'கைவிடுவதே' என்ற அணியில் பேசியது)



வழக்கமா எங்களுக்கு மாமியாரா மருமகளா, வரவா செலவா என்றுதான் தலைப்புக் கொடுப்பாங்க. இன்றைக்கு நடுவர் கனமாகக் கொடுத்துவிட்டார். "வாக்கெடுப்பில் தோற்ற விடுதலை இயக்கம் தன் கோரிக்கையைக் காப்பதா, கைவிடுவதா?" இதைக் கேட்டதும் என் வீட்டம்மா சொன்னாங்க: "நீங்கதான் பேசணும். இந்த வீட்டிலே எல்லா ஓட்டெடுப்பிலேயும் தோற்ற அனுபவம் உங்களுக்குத்தான் இருக்கு." (சிரிப்பு)

எனக்கு முன்னாலே பேசின சகோதரி ரொம்ப அழகாகக் கேட்டாங்க. "பரீட்சையிலே பெயில் ஆன பிள்ளையை மறுபடி எழுதச் சொல்வீங்களா, புத்தகத்தைத் தூக்கிக் கிணற்றிலே போடச் சொல்வீங்களா?" நல்ல கேள்விதான். ஆனா பரீட்சையிலே பெயில் ஆனா மார்க் போட்டவர் யாரோ ஒரு வாத்தியார். அவர் முகத்தைக்கூட நாம பார்த்ததில்லை. வாக்கெடுப்பிலே நமக்கு மார்க் போட்டவர் எதிர் வீட்டுக்காரர்! மறுநாள் காலையிலே அவரும் நாமும் ஒரே டீக்கடையிலே நிற்கணும். இந்த ஊரிலே தேர்தல்லே ஜெயித்தவர் வயலுக்கும் தோற்றவர் வயலுக்கும் ஒரே ஏரித் தண்ணிதானே? ஓட்டுப் போடலை என்பதற்காக மடையை அடைக்க முடியுமா?

இங்கே பக்கத்திலே உத்திரமேரூர் இருக்கு. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரிலே பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 919, 921. ஊரை முப்பது குடும்பாகப் பிரித்து, ஓலையிலே பேர் எழுதிக் குடத்திலே போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொன்னாங்க. ஏரியைப் பார்க்க ஏரி வாரியம், தோட்டத்தைப் பார்க்கத் தோட்ட வாரியம். பதவி 360 நாள். கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாது, அவன் சொந்தக்காரனும் நிற்கக் கூடாது. (பலத்த கைதட்டல்) கைதட்டறதைப் பார்த்தா இந்த விதி இப்பவும் வேணும்போல இருக்கு! நான் சொல்ல வந்தது வேறே. குடத்திலிருந்து பேர் வராதவன் ஊரைவிட்டா போனான்? அதே ஏரிக்குக் கரை போட அவனும்தானே மண் சுமந்திருப்பான்?

சரி, தலைப்புக்கு வருகிறேன். தோற்ற இயக்கம் என்ன ஆகும்? நம்ம நாட்டிலேயே ஒரு கணக்கு இருக்கு. கோவா. 1961-லே போர்ச்சுகீசியரிடமிருந்து விடுதலை. உடனே ஒரு பிரச்சினை: மகாராஷ்டிரத்தோடு சேர்வதா, தனியாக இருப்பதா? சேரணும் என்று சொன்னது மகாராஷ்டிரவாதி கோமந்தக் கட்சி. அவங்கதான் ஆளுங்கட்சி, தயானந்த் பந்தோட்கர் முதலமைச்சர். அது பிரியக் கேட்ட இயக்கமில்லை, சேரக் கேட்ட இயக்கம். ஆனா தோல்வி தோல்விதானே? 1967 ஜனவரி 16-லே வாக்கெடுப்பு. படிக்காதவங்களுக்கும் புரியணும் என்று, சேர்வதற்குப் பூச் சின்னம், தனியாக இருப்பதற்கு இரட்டை இலை. (கைதட்டல், சிரிப்பு) ஐயா, பொறுங்க! இது கோவா இலை, நம்ம ஊர் இலை அப்போ முளைக்கவே இல்லை!

இலைக்கு 1,72,191 ஓட்டு. பூவுக்கு 1,38,170. பந்தோட்கர் கட்சி தோற்றுப்போச்சு. கட்சியின் பேரிலேயே கோரிக்கை இருக்கு, அந்தக் கோரிக்கையையே மக்கள் வேண்டாம் என்று சொல்லியாச்சு. கட்சியைக் கலைச்சிட வேண்டியதுதானே? இரண்டு மாதம் கழித்துச் சட்டசபைத் தேர்தல். அதே மக்கள் அதே கட்சிக்கு ஓட்டுப் போட்டு அதே பந்தோட்கரை மறுபடி முதலமைச்சர் ஆக்கினாங்க! ஏன்? அவர் ஆட்சியிலே கிராமத்துக்குப் பள்ளிக்கூடம் வந்தது, குத்தகைக்காரனுக்குப் பாதுகாப்பாக 1964-லே சட்டம் வந்தது. "நீ கேட்டது வேண்டாம், ஆனா நீ வேணும்" என்று மக்கள் பிரித்துச் சொன்னாங்க. நடுவர் அவர்களே, மக்களுக்கு இருக்கிற இந்த விவரம் பல தலைவர்களுக்கு இருக்கிறதில்லை.

இப்போ கனடாவிலே க்யூபெக். பிரெஞ்சு பேசுகிற மாநிலம். 1980-லே முதல் வாக்கெடுப்பு, நூற்றுக்கு அறுபது பேர் வேண்டாம் என்றாங்க. தலைவர் ரெனே லெவெக் தோல்வியை ஒத்துக்கிட்டார். அடுத்த வருஷத் தேர்தல்லே அவர் கட்சிதான் ஜெயித்தது. 1995-லே சகோதரி சொன்ன மாதிரி மறுபடி பரீட்சை எழுதினாங்க. இந்தத் தடவை வித்தியாசம் வெறும் 54,288 ஓட்டு! மயிரிழை! அன்றைக்கு ராத்திரி முதலமைச்சர் பாரிஸோ மேடை ஏறினார். பணமும் வேறு இனத்தவர் ஓட்டும்தான் நம்மைத் தோற்கடித்தது என்கிற மாதிரி பேசினார். மறுநாள் பதவி விலகப் போவதாக அறிவித்தார். பாருங்க, 54,288 ஓட்டுத் தோல்வியைச் சரிக்கட்டிடலாம். அந்த ஒரு வாக்கியத்தைச் சரிக்கட்ட எத்தனை வருஷம் ஆகும்? எவன் வீட்டுக்கு நாளைக்கு ஓட்டுக் கேட்டுப் போகணுமோ, அவனைப் பார்த்து நீ வேறே ஆள் என்று சொன்னா எப்படி? 2022 தேர்தல்லே அந்தக் கட்சிக்கு 125 இடத்திலே 3. பிறகு இடைத்தேர்தல்களிலே கொஞ்சம் எழுந்தாங்க, அதையும் சொல்லிடறேன். ஆனா அவங்க இயக்கத்துக்கு வேர் எது? பிரெஞ்சு மொழி. அதைக் காக்க 1977-லேயே, முதல் வாக்கெடுப்புக்கு முன்னாலேயே, சட்டம் போட்டாங்க. நாடு கிடைக்கலை, மொழிச் சட்டம் நிலைச்சது.

எதிரணி நண்பர் ஸ்காட்லாந்தைக் கொண்டுவந்தார். 2014-லே 55-க்கு 45 என்று தோற்றவங்க, அடுத்த வருஷம் 59 இடத்திலே 56 இடம் பிடிச்சாங்களே என்றார். உண்மை. முழுக் கணக்கையும் சொல்லணுமில்லையா? 2022-லே சுப்ரீம் கோர்ட், லண்டன் சம்மதமில்லாம நீங்களா இன்னொரு வாக்கெடுப்பு நடத்த முடியாது என்று சொல்லிட்டது. 2024 தேர்தல்லே அதே கட்சிக்கு ஒன்பது இடம். 56 எங்கே, 9 எங்கே? ஆட்சியிலே குறை வந்தப்போ கோரிக்கை வந்து கைகொடுக்கலை.

தூரத்துக் கதை போதும். காஞ்சிபுரத்துக் கதைக்கு வருகிறேன். என் வீட்டுக் கதை.

எங்கப்பா பிள்ளையார்பாளையத்திலே தறி நெய்தவர். இருபது வயசிலே அண்ணா கட்சி. எங்க வீட்டுத் தெருச் சுவரிலே தாரிலே எழுதி வைத்திருந்தார்: "அடைந்தால் திராவிட நாடு, இல்லையேல் சுடுகாடு." எதிர் வீட்டிலே ஒரு பெரியவர், காங்கிரஸ்காரர். தினமும் காலையிலே கதவைத் திறந்தா அவர் கண்ணிலே முதல்லே படுவது அந்தச் சுடுகாடுதான்! (சிரிப்பு) 1962 தேர்தல்லே கட்சி 15 இடத்திலிருந்து 50 ஆச்சு. ஆனா சொந்த ஊரான காஞ்சிபுரத்திலே அண்ணாவே தோற்றார். நடேச முதலியார் ஜெயித்தார். அன்றையிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

திராவிட நாட்டுக்கு வாக்கெடுப்பு நடக்கலையே, அதை எப்படித் தோல்விக் கணக்கிலே சேர்ப்பே என்று எதிரணி கேட்கும். நியாயம். நடக்கலைதான். ஆனா நாலு மொழிக்காரங்களுக்கும் சேர்த்துக் கேட்ட நாட்டை, தமிழன் மட்டும்தானே கேட்டுக்கிட்டிருந்தான்? அதுவே ஒரு தீர்ப்பு இல்லையா? 1962 அக்டோபரிலே சீனப் போர் வந்தது. 1963-லே பதினாறாவது திருத்தம் வந்தது. தேர்தல்லே நிற்கிறவர் நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பேன் என்று உறுதிமொழி எடுக்கணும். அண்ணா கோரிக்கையைக் கைவிட்டார். ஆனா கோரிக்கைக்கான காரணங்கள் அப்படியே இருக்கு என்றும் சொன்னார்.

எங்கப்பா அன்றைக்குச் சாப்பிடலையாம். எங்க பாட்டி சொல்வாங்க. மறுநாள் ஒரு வாளி சுண்ணாம்பு கரைத்து, மட்டையை எடுத்துக்கிட்டு, தான் எழுதினதைத் தானே அழிக்கப் போனார். தாரிலே எழுதினது சுண்ணாம்புக்கு மறையுமா? ஒரு பூச்சு, இரண்டு பூச்சு, தெரிஞ்சுகிட்டே இருக்கு. அழுகையும் வருது. எதிர்த் திண்ணையிலே அந்தப் பெரியவர் பார்த்துக்கிட்டே இருந்தார். சிரிக்கலை. ஒரு வருஷம் கழித்து முதல் வார்த்தை பேசினாராம்: "அந்த மூலையிலே இன்னும் தெரியுதுப்பா."

1967 தேர்தலுக்கு எங்கப்பா அதே திண்ணையிலே போய் உட்கார்ந்து ஓட்டுக் கேட்டார். என்ன பேசினார்? அரிசி கிடைக்காததைப் பேசினார். 1965-லே இந்தியை எதிர்த்து மாணவர்கள் பட்ட பாட்டைப் பேசினார். பெரியவர் வீட்டுப் பையனும் அந்த ஊர்வலத்திலே அடி வாங்கினவன். இரண்டு பேருக்கும் பேச இடம் இருந்தது. சுவரிலே சுடுகாடு இருந்திருந்தா அந்தத் திண்ணையிலே கால் வைத்திருக்க முடியுமா? அண்ணா முதலமைச்சர் ஆனார். 1968-லே இருமொழிக் கொள்கை. 1969 ஜனவரியிலே மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பேர். அடுத்த மாதம் அண்ணா போய்விட்டார். அந்தப் பெரியவர் 67-லே யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று எங்கப்பாவுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. கேட்டதும் இல்லை.

கைவிடுவது சுலபம் என்று எதிரணி நினைக்குது. அப்பா கையிலே அன்றைக்குச் சுண்ணாம்பு பொத்துப்போன தழும்பு இருக்கு, வந்து பாருங்க. கோரிக்கையைப் பிடிச்சுக்கிட்டே இருக்க ஒரு சுவர் போதும். விட்டுட்டு எதிர் வீட்டுக்குப் போகத்தான் தைரியம் வேணும்.

நடுவர் மணியடிக்கிறார். எங்க பக்கம் நியாயம் இருக்கிறதை அவர் முகமே சொல்லுது, எதிரணி கவனிக்கணும். (சிரிப்பு) நல்ல தீர்ப்பை எதிர்பார்த்து விடைபெறுகிறேன்.