ஆறு மணிக்கு மேல் வாசலில் யார்?



வாங்கிய கடனைக் கட்டாதீர்கள் என்று சொல்ல நான் இந்த மேடை ஏறவில்லை. கடன் கடன்தான். நம் பெண்கள் காதில் கிடப்பதைக் கழற்றி அடகு வைத்தாவது தவணை கட்டுகிறார்கள், ஊரே பார்க்கிறது. நான் பேச வந்தது வசூலுக்கு வருகிறவரைப் பற்றி. அவர் எங்கே நிற்கலாம், எத்தனை மணிக்குக் கூப்பிடலாம், என்ன பேசலாம் என்பதற்கெல்லாம் விதி இருக்கிறது. அது கடன் கொடுத்தவருக்குத் தெரியும். வாங்கிய நமக்குத்தான் யாரும் சொல்வதில்லை.

2022-இல் ரிசர்வ் வங்கி குறுங்கடனுக்கென்று ஒரு நெறிமுறை வகுத்தது. ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் வரை வருமானமுள்ள குடும்பத்துக்கு ஈடு வாங்காமல் தரும் கடன் குறுங்கடன். காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பின்னாலும் போன் பண்ணக் கூடாது. இரு தரப்பும் பேசி வைத்த இடத்தில்தான் தவணை வாங்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு தடவையாவது அங்கே வராமல் இருந்தால்தான் வீட்டுப் பக்கம் வரலாம். மிரட்டக் கூடாது, ஏசக் கூடாது, கடன்காரர் பெயரை ஊரறிய வெளியிடக் கூடாது. உறவுக்காரரையும் கூட வேலை செய்பவரையும் தொந்தரவு செய்யக் கூடாது. 'அது ஏஜென்சி ஆள், எங்களுக்குத் தெரியாது' என்று கம்பெனி கைகழுவவும் முடியாது.

இன்னொரு விதியைக் கவனியுங்கள். ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அதைப் பார்த்துத்தான் கடனே கொடுக்க வேண்டும். ஏற்கெனவே மூன்று இடத்தில் தவணை கட்டி மூச்சுத் திணறுகிற பெண்ணுக்கு நாலாவதாகக் கடன் கொடுத்துவிட்டு, கட்டவில்லை என்று திட்டுகிறார்களே, விதியை முதலில் மீறியது யார்?

நடப்பது என்ன? ராத்திரி எட்டு மணிக்கு, தவணை தவறியவள் வீட்டுத் திண்ணையில் வசூல்காரர் வந்து உட்காருகிறார். 'பணம் வராமல் எந்திரிக்க மாட்டேன்' என்கிறார். அதையும்விட என்னால் பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. அவளோடு ஒரே கடன் குழுவிலிருக்கும் மற்ற பெண்களை அழைத்து வந்து அந்த வாசலில் உட்கார வைக்கிறார். ரேஷன் கடை வரிசையில் பக்கத்தில் நின்றவள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் ஓடி வந்தவள், அவள் வாயாலேயே ஏச வைக்கிறார். தனக்கும் வீடு போகிற அவசரம், அடுப்பில் உலை, அந்த ஆத்திரத்தில் அவளும் ஏசுகிறாள். வசூல்காரர் பைக்கில் ஏறிப் போய்விடுவார். அந்த இரண்டு பெண்களும் அதே தெருவில்தான் பல வருடம் வாழ வேண்டும். எத்தனையோ தெருக்களில் இப்படிப் பேச்சு அறுந்து கிடக்கிறது. சில ஆயிரம் ரூபாய்த் தவணைக்காக ஒரு தெருவின் உறவையே ஒருவர் செலவழிக்கிறார். அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

போன் கடன் ஆப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. போனில் உள்ள எண்களையும் படங்களையும் ஆப் தொடக் கூடாது என்று 2022-லேயே விதி வந்தாயிற்று. படத்தை மாற்றி மிரட்டினால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்லுங்கள்.

சட்டம் மட்டும் காப்பாற்றிவிடாது. தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்தது. ஆனாலும் 2017 அக்டோபரில், நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை பற்றிப் பலமுறை மனுக் கொடுத்துச் சலித்த ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம் நெருப்புக்கு இரையானது. அவர்களில் இரண்டு பேர் சிறு குழந்தைகள். 2025-இல் நம் சட்டமன்றம் வலுக்கட்டாய வசூலுக்கு எதிராகத் தனிச் சட்டமே கொண்டுவந்தது. அதையும் அலமாரியில் தூங்க விடக் கூடாது.

ஆகவே, வருகிறவரிடம் அடையாள அட்டையைக் கேளுங்கள். கொடுத்த பணத்துக்கு ரசீது கேளுங்கள். வந்த நேரத்தையும் பேசிய பேச்சையும் குறித்து வையுங்கள். படிக்கிற பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். உங்கள் கடன் அட்டையிலேயே புகார் அதிகாரியின் எண் இருக்க வேண்டும். எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். வழி கேட்க 14448. அடிதடி, மிரட்டல் என்றால் காத்திருக்காமல் காவல் நிலையம்.

குழுத் தலைவிகளிடம் ஒன்று கேட்கிறேன். இந்த மாதக் கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தை எடுங்கள். 'எங்களில் ஒருத்தி தவணை தவறினால், மற்ற யாரும் அவள் வாசலில் போய் உட்கார மாட்டோம். ஆறு மணிக்கு மேல் அவள் வீட்டுக்கு வசூலுக்கு யார் வந்தாலும் நாங்கள் எல்லோரும் அங்கே போவோம்' என்று எழுதுங்கள். எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த தவணைக்கு வருகிறவரிடம் அதன் நகல் ஒன்றைக் கொடுத்து, பெற்றுக்கொண்டேன் என்று எழுதி வாங்குங்கள்.